டியூப் போட்டால் நிற்கிறது, விட்டால் மறுபடி அரிப்பு

கேள்வி: எனக்கு 31 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. போன வருஷம் தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு, பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல். மெடிக்கலில் கொடுத்த டியூப் போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழையபடி. இது நாலாவது தடவை, டாக்டர். உடம்புச் சூடு என்கிறார் மாமியார். வீட்டுக்காரரிடமிருந்து வந்திருக்குமோ?
- வாசகி, ஆம்பூர்

பதில்: அவர் மேல் சந்தேகமே வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம், அது நம் உடம்பிலேயே கொஞ்சமாக இருப்பதுதான், அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் ஆன்டிபயாட்டிக் சேர்த்துக் கொன்றுவிடுவதால் பெருகிவிடுகிறது. நாலில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவது, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் காட்டினால் போதும்.

எனக்குக் கவலை அந்த டியூப்தான். அதன் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பைச் சட்டென்று அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது, நாளாக நாளாகத் தோலையும் மெலிய வைத்துவிடும். இன்றே நிறுத்துங்கள்.

சாதாரணமாக வந்தால் இரவில் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையிலோ, ஒரே ஒரு 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோலிலோ சரியாகிவிடும் (கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் ஃப்ளூகோனசோல் கூடாது, நாள் தள்ளியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்). ஆனால் வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்துவிட்டதே, உங்களுக்கு அது போதாது. ஆம்பூர் அரசு மருத்துவமனையிலோ வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மகப்பேறு டாக்டரிடம் காட்டி, கசிவை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பூஞ்சைதான் என்று உறுதியானால் வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். சுகரும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை ஏறியிருப்பதே தெரியாமல் இதற்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் நிறைய. மீன் வாடை அடித்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு.

இளநீர் குடியுங்கள், தப்பில்லை, ஆனால் இது அதில் தீராது. சோப்போ டெட்டாலோ போட்டு உள்ளே கழுவவே கழுவாதீர்கள். நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறீர்கள், வியர்வையில் நனைந்த உள்ளாடையை மதியம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள், பருத்தியாக இருக்கட்டும்.

டாக்டரிடம் போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.