எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் வழக்கு இல்லாமல் போய்விடுமா? வெள்ளைக் காலர் குற்றம் என்பது எது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு. வெள்ளைக் காலர் குற்றம் என்றால் என்ன என்பது ஒன்று. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மூன்று லட்சத்தைக் கைமாற்று மாதிரி எடுத்துவிட்டார், ஆடிட்டுக்கு முன்னால் கட்டிவிட்டால் வழக்கு வராதுதானே என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டினாலும் வரலாம். நான் வக்கீல் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னவன்.

எங்கள் செயலாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. இருபது வருஷத்தில் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு போட்டதில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நாங்கள் எல்லாம் வேன் பிடித்துக் கிளம்புவோம், அவர் பேரேட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மனுஷன்னா இவருல்லா மனுஷன்" என்று பெருமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு ஐப்பசி மழையில் பைக் சறுக்கிக் கால் முறிந்தது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பத்தாவது நாள், பீடி சுற்றும் ஆச்சி ஒருத்தி வைப்பு ரசீதோடு வந்தாள். பேத்தி கல்யாணத்துக்கு முதிர்ந்த பணம் வேண்டும். ரசீது அசல், முத்திரை அசல், கையெழுத்து அண்ணாச்சியுடையது. பேரேட்டைப் புரட்டினால் அந்த எண்ணில் கணக்கே கிடையாது.

ஆச்சி கட்டிய பணம் ரொக்கப் புத்தகத்தில் ஏறவேயில்லை. அவளுக்கு முன்னால் ஒருவருக்கு முதிர்வு கொடுக்க அது போய்விட்டது. அவளுக்குக் கொடுக்க, அடுத்து வரும் யாரோ ஒரு வாத்தியாரின் பணம். முதல் ஓட்டை நாற்பதாயிரம்தான், மகள் கல்யாணத்துக்கு எடுத்தது. அதை அடைக்க இன்னொன்று, அதற்கு வட்டி கொடுக்க இன்னொன்று என்று கடைசியில் பதினெட்டு லட்சத்தில் நின்றது. லீவு போடாததன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. அந்த நாற்காலியில் வேறு ஆள் பத்து நாள் உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும். பொறுப்பான இடத்தில் இருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல், 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதுதான் பதில். எட்வின் சதர்லாண்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1939-ல் ஒரு சொற்பொழிவில் இந்தப் பெயரை வைத்தார்: மதிப்பும் அந்தஸ்தும் உள்ளவர் தன் தொழிலுக்குள்ளேயே செய்கிற குற்றம். பூட்டை உடைக்க வேண்டியதில்லை, சாவியே அவரிடம்தான் இருக்கிறது. நம்மூரில் காலரைவிட வேட்டிதான் பொருத்தம். அளவு வேறானாலும் சங்கதி ஒன்றுதான். கணக்கில் பொய் லாபம் காட்டிய சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்திலும், சின்ன இடைவெளியாகத் தொடங்கியது வருஷா வருஷம் வளர்ந்துவிட்டது, புலிமேல் ஏறியவன் கதையாகிவிட்டது என்றுதான் சொன்னார். 2015-ல் ஏழு ஆண்டு தண்டனை விதித்தார்கள்.

அண்ணாச்சி கால் கட்டோடு வந்து என்னிடம் சொன்னார்: "நான் திருடலடே. வயல வித்தாவது முழுசையும் கட்டிருதேன். இதப் போயி போலீசுக்கு எழுதணுமா?" சொன்னபடி வட்டியோடு கட்டினார். ஆற்றுப்பாசன வயல், அவருடைய தாத்தா வாங்கியது.

கட்டியும் வழக்கு இல்லாமல் போய்விடவில்லை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-வது பிரிவு விளக்கத்தில், நேர்மையற்ற எண்ணத்தோடு கொஞ்ச காலத்துக்கு மட்டும் கையாடினாலும் அது கையாடல்தான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சிமேல் போட்டவை 408-ம் 477-ஏயும். முன்னது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி, பின்னது கணக்கைப் பொய்யாக எழுதியது. இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை உண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 408-ல் பணத்துக்கு உரியவர் நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் ஆகலாம். 477-ஏயில் சமாதானத்துக்கு இடமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், எழுதிய பொய்யை எப்படித் திருப்பிக் கொடுப்பது? உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் பொதுமக்கள் போட்ட பணம் என்றால் அது லேசில் கிடைக்காது. 2024 ஜூலை 1 முதல் நடந்த செயல் என்றால் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவையே 316-லும் 344-லும் இருக்கின்றன, எண்தான் மாறியது.

இதெல்லாம் கிரிமினல் பக்கம். சங்கத்துக்குள் 1983-ம் வருஷக் கூட்டுறவுச் சட்டப்படி 81-வது பிரிவு விசாரணையும், இழப்பை அவரிடமே வசூலிக்கும் 87-வது பிரிவு தண்டத் தீர்வையும் தனியாக ஓடும். வேலை போவது தனி. கூட்டுறவுச் சங்கமாக இல்லாமல் டெபாசிட் வாங்கும் தனியார் நிதி நிறுவனம் என்றால் 1997-ம் வருஷ முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பத்து ஆண்டு வரை சிறை, சொத்து ஜப்தி, மதுரை சிறப்பு நீதிமன்றம் என்று அது வேறு கதை.

கட்டியதால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. முன் ஜாமீன் கிடைத்தது. தண்டனையும் மூன்று ஆண்டோடு நின்றது.

என் கதையையும் மறைக்கக் கூடாது. தினமும் சாயங்காலம் 'ரொக்க இருப்பு சரி' என்று எண்ணிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டவன் நான். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டார், "எண்ணினீரா?" இல்லை என்றேன். இரண்டு இன்கிரிமென்ட் போனது. அண்ணாச்சி மேலிருந்த மரியாதைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். சோம்பலும்தான்.

சித்தப்பாவிடம் இதை மட்டும் உடனே சொல்லுங்கள். பேரேட்டில் இனி ஒரு எழுத்தைத் திருத்த வேண்டாம், முன்தேதியிட்ட வவுச்சர் வேண்டவே வேண்டாம், சமாதானத்துக்கு இடமில்லாத பிரிவு அதில்தான் வரும். பணத்தைத் தலைவர் கையில் கொடுக்காமல் சங்கக் கணக்கில் கட்டி ரசீது வாங்கட்டும். அதற்கு முன்னால் ஒரு கிரிமினல் வக்கீலைப் பார்க்கட்டும்.

ஆச்சிக்குப் பணம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அசல் ரசீது வழக்கில் சான்றாவணமாகப் போய்விட்டதால், அதன் நகலை வாங்கி வைத்துத்தான் பணத்தைக் கொடுக்க முடிந்தது. பேத்தி கல்யாணத்தைக் கடன் வாங்கி முடித்துவிட்டாள். இன்னமும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால், "ஏ ஐயா, அந்த அசல் சீட்ட எப்பம் குடுப்பாவ?" என்று கேட்கிறாள்.