வாசகர் கேள்வி: 51–49 என்ற கணக்கு

கேள்வி: போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கை, நாட்டை 51–49 என்று பிரித்ததாகப் படித்தேன். இந்தக் கணக்கு எப்படி வந்தது? அது நியாயமான பிரிவினைதானா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்தக் கணக்கு டேட்டனில் பிறந்ததன்று. போஸ்னியாக்குகள் எனப்படும் போஸ்னிய முஸ்லிம்களும் குரோவாசியரும் சேர்ந்த கூட்டமைப்புக்கு 51 விழுக்காடு, செர்பியருக்கு 49 விழுக்காடு என்று 1994-இலேயே வல்லரசுகளின் தொடர்புக் குழு வரைந்திருந்தது. அப்போது நாட்டின் ஏறத்தாழ 70 விழுக்காட்டு நிலத்தைக் கையில் வைத்திருந்த போஸ்னிய செர்பியத் தலைமை அதை ஏற்கவில்லை. 1995 ஜூலையில் கிழக்குப் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் போஸ்னிய செர்பியப் படைகளால் கொல்லப்பட்ட பின்னர், நேட்டோவின் குண்டுவீச்சும் குரோவாசிய, போஸ்னியாக் படைகளின் முன்னேற்றமும் போர்முனையையே அந்த விகிதத்துக்கு அருகில் கொண்டுவந்த பிறகுதான் பேச்சுக்கு வழி பிறந்தது.

அந்த நவம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரை அடுத்த விமானப்படைத் தளம் ஒன்றில் போஸ்னியாவின் இசெத்பெகோவிச், குரோவாசியாவின் துஜ்மன், செர்பியாவின் மிலோசெவிச் ஆகிய மூன்று அதிபர்களும் மூன்று வாரம் பேசினார்கள். கடைசி நாள்களில், கூட்டமைப்பின் பங்கு 55 விழுக்காட்டை எட்டிவிட்டதாகத் தெரியவந்ததும், விகிதத்தைச் சரிக்கட்டுவதற்காகவே மேற்குப் போஸ்னியாவில் ஒரு நிலப்பரப்பு செர்பியர் பக்கம் மாற்றப்பட்டது. சராயேவோவின் புறநகர்களை மிலோசெவிச் விட்டுக்கொடுத்தார். 1996 தொடக்கத்தில் அங்கிருந்து வெளியேறிய பல்லாயிரம் செர்பியரில் பலர், கல்லறைகளைத் தோண்டித் தங்கள் முன்னோரின் எலும்புகளையும் எடுத்துச் சென்றனர். விழுக்காடு என்று நாம் எளிதாகச் சொல்வது அவர்களுக்கு அதுதான்.

நியாயமா என்கிறீர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பலிகொண்ட போர் அதனால் நின்றது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் உடன்படிக்கையின் ஏழாவது இணைப்பு, விரட்டப்பட்ட ஒவ்வொருவரும் சொந்த வீட்டுக்குத் திரும்பலாம் என்று உறுதியளிக்க, அதே உடன்படிக்கையின் வரைபடமோ ஸ்ரெப்ரெனிட்சாவைச் செர்பியக் குடியரசு எனப்படும் அந்த 49 விழுக்காட்டுப் பகுதிக்குள்ளேயே விட்டுவைத்தது. மகனைப் புதைத்த தாய், அவனைக் கொன்றவர்களின் தரப்பு ஆளும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றால், அந்த உறுதிமொழிக்கு என்ன மதிப்பு? இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டேட்டனில் எவராலும் பங்கிட முடியாத ஊர் ஒன்றும் உண்டு. செர்பியப் பகுதியின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பிர்ச்கோ, நடுவர் மன்றத்துக்கு விடப்பட்டது. 1999-இல் வந்த தீர்ப்பு அதை எந்தத் தரப்புக்கும் தனியுரிமையாக்காமல், தன்னாட்சி மாவட்டமாக்கியது. நாட்டின் பிற இடங்கள் பலவற்றில் இனவாரியாகப் பள்ளிகள் பிரிந்து கிடக்க, பிர்ச்கோவில் மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பறையில் படிக்கிறார்கள்.