அசல் படத்தில் கத்தரி வைக்காதீர்கள்: காகிதக் கைவேலை கேள்வி-பதில்

கார்த்திகை பிறந்துவிட்டால் கடிதங்கள் குவிந்துவிடும். பிள்ளையார் நோன்பு, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் பிறந்தநாள்களும் சாந்திகளும் (மணிவிழா போன்ற வயது நிறைவு விழாக்கள்) வேறு. வீட்டுக்கு வீடு தாளும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் அச்சடித்தோம். மடித்த இடத்தில் நிறம் போய் வெள்ளைக் கோடு தெரிகிறது. தாள் சரியில்லையா? (காரைக்குடி)

என்ன தாள், எத்தனை ஜி.எஸ்.எம். (தாளின் கனம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு), இங்க்ஜெட்டா லேசரா? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. இதைச் சொல்லாமல் கேட்டால் நான் ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோடு என்பதால் லேசர் என்று எடுத்துக்கொள்கிறேன். லேசரில் மை தாளுக்குள் இறங்காது. டோனர் தூள் சூட்டில் உருகித் தாளின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். மடித்தால் அந்தப் படலம் வெடிக்கும்.

மடிக்கும் முன் கிரீசிங் போட வேண்டும், அதாவது மடிப்பு விழும் இடத்தை முதலில் கோடாக அழுத்திவிட வேண்டும். கடையில் செய்து தருவார்கள். வீட்டில் என்றால் ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரே அழுத்தமாக ஒரு கோடு இழுத்தால் போதும். இன்னொன்று, தாளின் இழை ஓடும் திசை. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எதிர்ப்பில்லாமல் வருகிறதோ, அதில் மடிப்புக் கோடு ஓடும் திசைதான் இழையின் போக்கு. மடிப்பு அதற்கு இணையாக வரவேண்டும், குறுக்கே வந்தால் வெடிக்கத்தான் செய்யும். மடிக்கிற அட்டைக்கு 200 முதல் 250 ஜி.எஸ்.எம். போதும், 300 எல்லாம் வேண்டாம். மடிப்புக் கோடு விழும் இடத்தில் அடர்ந்த நிறம் வராமல் வடிவமைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எதையும் 50 பிரதி எடுக்கும் முன் ஒரே ஒரு மாதிரி எடுத்து மடித்துப் பாருங்கள்.

போனில் அழகாகத் தெரிந்த பொங்கல் வாழ்த்து அச்சில் மங்கலாக வருகிறது. (பள்ளத்தூர், இன்னும் நான்கு பேர்)

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருப்பீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அதுவும் பி.டி.எஃப். ஆக. ஏ4 அளவுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் படம் ஏறக்குறைய 2500க்கு 3500 புள்ளிகள் இருக்க வேண்டும். எங்கிருந்தோ வந்த வாழ்த்துப் படத்தைத் திரையில் பிடித்துக் கடைக்கு அனுப்பினால் எந்த மிஷினாலும் அதைத் தெளிவாக்க முடியாது. அப்புறம், திரை ஒளிர்கிறது, தாள் ஒளிராது. அதனால் அச்சில் எல்லாமே ஒரு படி கருத்துத்தான் வரும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? (குன்றக்குடி)

வாழ்த்துகள். தோரணம் வெட்டுகிறவர்களுக்கு ஓர் எழுத்து மிச்சம்.

அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக்குப் பெரிய அட்டையில் படத்தொகுப்பு செய்கிறோம். பெட்டகத்தில் ஐயா (தாத்தா) ரங்கூனில் எடுத்த படங்கள், அப்பத்தாவின் பழைய படம், கடுதாசிகள், இசைகுடிமானம் (திருமணத்தில் எழுதும் ஒப்பந்தப் பத்திரம்) எல்லாம் இருக்கின்றன. அளவாக வெட்டி ஒட்ட எந்தப் பசை நல்லது? (தேவகோட்டை)

எந்தப் பசையும் நல்லதில்லை, ஆச்சி. முதலில் பெட்டகத்தை மூடுங்கள். இதைப் படிக்கும்போது இன்னும் வெட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வருஷம் முழுக்க இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு கலங்குகிறது. எங்கள் வீட்டிலேயே நடந்த கதை இது. எங்கள் ஐயா பர்மாவில் கடை வாசலில் ஆட்களோடு நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது விட்டது விட்டபடி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கிருந்து வந்து சேர்ந்த படங்களே மிகச் சில. ஒரு சாந்திக்கு ஆல்பம் செய்கிறோம் என்று அந்தப் படத்தில் ஐயாவை மட்டும் இதய வடிவில் வெட்டி, சார்ட் அட்டையில் பெவிகால் போட்டு ஒட்டிவிட்டார்கள். பின்பக்கம் ஐயா தன் கையால், பென்சிலில், யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அது பசைக்குள் போய்விட்டது. ஓரத்தில் நின்ற மூன்று பேர் குப்பைக்குப் போனார்கள். அவர்கள் யார் என்று கேட்டால் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. ஆசையாகத்தான் செய்தார்கள், கெட்ட எண்ணமில்லை. ஆனால் போனது போனதுதான்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அதே அளவில் அச்சடிக்க 300 டி.பி.ஐ. போதும், இரண்டு மடங்காக்க 600 வேண்டும். பழைய படங்களுக்கு 600க்குக் கீழே போகாதீர்கள். தபால்தலை அளவுப் படம் என்றால் 1200. பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஸ்கேனர் இல்லையா, பகலில் வளவு (வீட்டின் உட்கட்டு) முற்றத்தின் நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே இணையாகப் பிடித்து எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்பை அப்படியே ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் நிறம் சரிசெய்ய வேண்டும். முகத்தைத் தெளிவாக்குகிறேன் என்று வரும் செயலிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மங்கிய முகத்தில் தெரியாததை அவை தாமாக வரைந்து நிரப்புகின்றன. கடைசியில் கிடைப்பது ஐயாவைப் போல இருக்கும் வேறு யாரோ ஒருவர். கீறலையும் கறையையும் எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்.

இசைகுடிமானத்துக்கும் இதே முறைதான். ஸ்கேன் எடுத்து, லேசான மஞ்சள் ஐவரி தாளில் அச்சடித்தால் அட்டையில் அத்தனை அழகாக இருக்கும். பிரதி கைக்கு வந்த பிறகு இதயமாக வெட்டுங்கள், வட்டமாக வெட்டுங்கள், ஜரிகை ஒட்டுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. சபையில் கை மாறி மாறிப் போய் விளிம்பு கசங்கினாலும் மறுபடி ஒன்று அடித்துக்கொள்ளலாம்.

அசலை அமிலம் இல்லாத தாளில் மடிக்காமல் வைத்து, ஈரம் ஏறாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைப் பக்கத்தில் படத்தை அழுத்தி வைக்கும் ஆல்பம் வேண்டாம். செலோ டேப் வேண்டவே வேண்டாம்; சில வருஷங்களில் மஞ்சளாகி, டேப் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். பெயர் எழுத வேண்டுமென்றால் படத்தின் பின்னால் ஓரத்தில், மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். சாந்திக்குப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அன்றைக்கே பிரதிகளைக் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

வளவில் பிறந்தநாள் தோரணம் ஒட்ட எந்த டேப் நன்றாக நிற்கும்? (கோட்டையூர்)

டேப்பே கூடாது. முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டிப் பிய்த்தால் அந்த மெருகும் சேர்ந்து உரிந்து வரும். அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலையவேண்டி வரும். தூணுக்குத் தூண் நூல்கயிறு கட்டி அதில் தொங்க விடுங்கள். கிரேப் தாள் ஈரம் பட்டால் சாயம் விடும். மழை நாளில் முற்றத்து ஓரமாகக் கட்டினால் ஆத்தங்குடித் தரைக் கல்லில் சிவப்பாக இறங்கும்.

கட்டிங் மிஷினில் “பிறந்தநாள் வாழ்த்துகள்” வெட்டினால் புள்ளிகள் தனியாக விழுந்து தொலைந்துபோகின்றன. கடையில் கொடுத்தால் எழுத்தே மாறிவிடுகிறது. (புதுவயல்)

நல்ல கேள்வி. ஆங்கில எழுத்துக்குச் செய்த பழக்கத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. நீங்கள் சொன்ன இரண்டு சொற்களில் மட்டும் 5 புள்ளிகள், 2 கால்கள். எல்லாமே தனித் துண்டுகள். மென்பொருளில் ஆஃப்செட் என்று இருக்கும். எழுத்தைச் சுற்றி 3, 4 மில்லிமீட்டர் வெளிக்கோடு எடுங்கள். புள்ளியும் எழுத்தும் காலும் ஒரே துண்டாகச் சேர்ந்துவிடும். அந்தத் துண்டை ஒரு நிறத்திலும் எழுத்தை வேறு நிறத்திலும் வெட்டி மேலே ஒட்டினால் தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

ஸ்டென்சில் (எழுத்தைத் துளையாக வெட்டி, அதன் வழியே நிறம் பூசும் அட்டை) என்றால் சிக்கல் நேர்மாறு. வ, ண போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் தாள் விழுந்துவிடும். ஒவ்வொரு சுழிக்கும் 2 மில்லிமீட்டரில் ஒரு பாலம் விடுங்கள். கடையில் எழுத்து மாறுவது, நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாததால். யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, எழுத்தை வடிவமாக மாற்றிய பிறகு கோப்பைக் கொடுங்கள். முதல் வெட்டு பழைய சார்ட் தாளில்.

பாப்-அப் அட்டையை மூடினால் உள்ளே இருக்கும் கேக் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. (கானாடுகாத்தான்)

கேக்கின் உயரத்தையும், நடு மடிப்பிலிருந்து அது முன்னால் வரும் தூரத்தையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை ஒரு பக்கத்தின் அகலத்துக்குள் இருக்க வேண்டும். 10 செ.மீ. பக்கத்தில் 5 உயரம், 4 முன்னே. அளந்துவிட்டு வெட்டுங்கள்.

எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸுக்கு (மூடியை எடுத்ததும் நான்கு பக்கமும் விரியும் பெட்டி) எவ்வளவு தாள்? (திருப்பத்தூர்)

பெட்டியின் அகலத்தைப் போல மூன்று மடங்கு சதுரம். 4 அங்குலப் பெட்டிக்கு 12 அங்குலம். உள்ளடுக்குக்கு 11¼. மூடியை 4 அங்குலத்துக்குச் சரியாகச் செய்துவிட்டு “மூட வரவில்லை” என்று எழுதாதீர்கள்; ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக வையுங்கள்.

அழைப்பிதழில் கியூ.ஆர். குறி போட்டு, குழந்தையின் வீடியோவை இணைத்தோம். ஒரு மாதத்தில் வேலை செய்யவில்லை. (நாச்சியாபுரம்)

இலவசத் தளம் ஒன்றில் செய்திருப்பீர்கள். சில தளங்கள் தங்கள் வழியாகச் சுற்றிவிட்டு, கொஞ்ச நாளில் பணம் கேட்டு நிறுத்திவிடும். வீடியோவின் நேரடி முகவரியையே குறியாக மாற்றுங்கள். வீடியோவை “இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்று திறந்து வைத்தீர்களா என்றும் பாருங்கள். குறி 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர் நிறமாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டு இருக்கட்டும். அச்சடித்த தாளை உங்கள் போனில் இல்லாமல் வேறொருவர் போனில் சோதியுங்கள்.

மைதா பசையில் ஒட்டினால் பூச்சி அரிக்கிறது. மயில்துத்தம் சேர்க்கலாமா? (கண்டனூர்)

பைண்டிங்காரர்கள் சேர்ப்பார்கள். குழந்தைகள் தொடுகிற வேலைக்குச் சேர்க்காதீர்கள், அது விஷம். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை சாப்பாடு மாதிரி. ஒரு வாரம் நிற்கிற தோரணத்துக்கு மைதா, வைத்துக் காக்கிற பொருளுக்கு வெள்ளைப் பசை. தூரிகையால் மெல்லியதாகத் தடவி, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் சுருங்காது.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் போன வருஷம் பல்புச் சூட்டில் கருகிவிட்டது. (சருகணி)

குண்டு பல்பு போட்டிருக்கிறீர்கள். எல்.இ.டி. மட்டும் போடுங்கள், அதுவும் தாளில் உரசாமல். வயர் நுழையும் இடத்தில் மேலே காற்றுத் துளை விடுங்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் (எரியும் திரி வைத்த மாவைக் கையில் வாங்கும்) இடத்தில் தாள் அலங்காரம் செய்யலாமா என்று கேட்டவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சுடர் கைக்குக் கை வருகிற இடம் அது, குழந்தைகள் பாவாடையோடு நெருக்கி நிற்பார்கள். தாள் தோரணம் முகப்போடு நிற்கட்டும்.

பிறந்தநாளுக்கு ஏதாவது கைவேலை சொல்லுங்கள். (ஊர் பெயர் இல்லை)

யாருக்கு, எத்தனை வயது, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதுங்கள், சொல்கிறேன்.

பேத்தி பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கு, தாளிலேயே கொட்டான் (ஓலைக் கூடை) பின்னிப் பலகாரம் வைத்துக் கொடுக்க ஆசை. ஓலையில் பின்னத் தெரியும். தாளில் அளவு பிடிபடவில்லை. (கொத்தமங்கலம்)

இந்த மாதம் என்னை மிகவும் சந்தோஷப்படுத்திய கடிதம் உங்களுடையது, ஆச்சி. 160 முதல் 180 ஜி.எஸ்.எம். நிறத் தாள், ஏ4, இரண்டே தாள் ஒரு கொட்டானுக்குப் போதும். நீளவாக்கில் 1.5 செ.மீ. பட்டைகளாக வெட்டுங்கள், ஒரு தாளில் 14 வரும். அடிக்கு 8க்கு 8, அதாவது 16 பட்டை. 12 செ.மீ. சதுரம் கிடைக்கும். பின்னியது போக அந்தப் பட்டைகளின் முனைகள் நான்கு பக்கமும் 9 செ.மீ. போல நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றை நிமிர்த்திப் பக்கச் சுவராக்குங்கள்.

சுற்றுக்கு இரண்டு பட்டைகளை ஒட்டி ஒரு வளையமாக்குங்கள். 4 சுற்றுக்கு 8 பட்டை, 6 செ.மீ. உயரம் வரும். ஓலை மாதிரி ஒரே பட்டையைத் தொடர்ந்து சுற்றினால் பின்னல் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றும் தனி வளையம், ஒன்று மேலேறினால் அடுத்தது கீழே. மேலே எஞ்சும் முனையை உள்பக்கம் மடித்துச் செருகுங்கள். ஓலையை நனைத்துப் பின்னிய கைக்கு ஒரு பழக்கம் இருக்கும், தாளை நனைத்துவிடாதீர்கள். முதல் கொட்டானை வீணான தாளில் பின்னிப் பாருங்கள்.

அடிக்கு ஒரு நிறம், சுற்றுக்கு இன்னொரு நிறம் வைத்தால் ஓலைக் கொட்டானின் கட்டம் அப்படியே வரும்; அப்போது அடியின் 16 பட்டைக்கே அந்த நிறத்தில் இரண்டு தாள் வேண்டும், சுற்றுக்கு இன்னொன்று. தேன்குழலும் மணகோலமும் எண்ணெய் விடும். ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு அதன் மேல் வையுங்கள்.