மாடியில் ஷீட் கூரை: கொட்டேஷனில் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி: பாவூர்சத்திரம் பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 600 சதுர அடிக்கு மெட்டல் ஷீட் கூரை போடப் போகிறோம். கொட்டேஷனில் பர்லின், ரிட்ஜ், ஃப்ளாஷிங், கட்டர், ஸ்க்ரூ என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் எதற்கு? எதைக் குறைத்தால் செலவு குறையும்?

பதில்:

பாளையங்கோட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, ஷீட்டு எந்தக் கம்பெனி?" ஸ்க்ரூ எது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒழுகுகிறது என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்த வீடுகளில் ஷீட்டின் நடுவே ஓட்டை விழுந்திருந்தது அபூர்வம். ஷீட்டும் ஷீட்டும் சேருகிற இடம், ஷீட் சுவரைத் தொடுகிற இடம், ஸ்க்ரூ இறங்கிய துளை, இந்த மூன்றில்தான் தண்ணீர் வரும். நீங்கள் குறைக்கலாமா என்று யோசிக்கிற வரிகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் அடைக்கத்தான் இருக்கின்றன.

கீழிருந்து மேலே போகிறேன்.

முதலில் கால்கள். அடியில் பேஸ் பிளேட் என்கிற இரும்புத் தகடு, அதைக் கான்கிரீட்டில் பிடிக்கிற ஆங்கர் போல்ட். கீழே தூணோ பீமோ வருகிற இடத்தில்தான் கால் நிற்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நாலரை இன்ச் செங்கல் சுவர் எடையைத் தாங்கிவிடும், காற்று மேலே இழுக்கிற இழுவையைத் தாங்காது. இந்தக் கூரைக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. 0.50 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட வராது. மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தமோ அதே சதுர மீட்டரில் ஏறத்தாழ 47 கிலோ. காற்று கூரைக்கு மேலே ஓடும்போது ஷீட்டை மேலே உறிஞ்சும். பக்கம் திறந்த மாடி என்றால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். ஓரங்களிலும் மூலைகளிலும் இது இன்னும் அதிகம். நீங்களோ செங்கோட்டைக் கணவாய்க் காற்று வருகிற வழியில் இருக்கிறீர்கள். ஆனி, ஆடியில் அது எப்படி அடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காலுக்கு மேலே ட்ரஸ் என்கிற முக்கோணச் சட்டம் அல்லது ராஃப்டர், அதற்குக் குறுக்கே பர்லின். ஓட்டு வீட்டில் கைமரம் செய்கிற வேலையை ராஃப்டரும், ரீப்பர் செய்கிற வேலையைப் பர்லினும் செய்கின்றன. ஷீட் உட்காருவதும் ஸ்க்ரூ கடிப்பதும் பர்லினில்தான். இடைவெளி நாலு அடி போதும், இறவாரத்து ஓரத்திலும் முகட்டருகிலும் மூன்றடியாக நெருக்கச் சொல்லுங்கள். பைப்பின் கனம் 2 மி.மீ. இருந்தால் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். மெல்லிய பைப்பில் மரை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பைப் முனைகளுக்கு மூடி போட வேண்டும், வெல்டிங் அடித்த இடத்தில் கசடைத் தட்டிவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

வாட்டம் பத்தடிக்கு ஒரு அடிக்குக் குறையக் கூடாது. சாரல் பகுதியில் ஒன்றரை அடி கொடுத்தால் நல்லது.

ஷீட் விஷயத்தில் இரண்டே கேள்விகள். கனம் என்று சொல்வது பூச்சோடு சேர்த்தா, உள்ளே இருக்கிற இரும்பு மட்டுமா? பூச்சோடு 0.50 என்றால் இரும்பு 0.43 சுமாருக்குத்தான் இருக்கும். இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் எழுதியிருப்பார், விலை வித்தியாசம் அங்கேயே இருக்கும். அடுத்து, பெயிண்டுக்கு அடியில் வெறும் துத்தநாகப் பூச்சா, அலுமினியம் துத்தநாகக் கலவையா? கால்வால்யூம் என்பது இரண்டாவது வகை. அதில் 55 சதவீதம் அலுமினியம், மிச்சம் துத்தநாகமும் கொஞ்சம் சிலிக்கானும். நம் ஊர் வெயில் மழைக்கு அதுதான் சரி. உவரி, திருச்செந்தூர் மாதிரி கடலோரமாக இருந்தால் முழு அலுமினிய ஷீட்டையே யோசிக்கச் சொல்லியிருப்பேன், உங்களுக்குத் தேவையில்லை.

ஷீட்டை முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே நீளமாக வெட்டி வாங்குங்கள். கேட்ட நீளத்துக்குக் கிடைக்கும். நடுவில் ஒரு இணைப்பு குறைந்தால் ஒழுக ஓர் இடம் குறைந்தது.

இனி ஸ்க்ரூ. ஒரு ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியே துளை போடும், தலைக்கு அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர். அது ஈபிடிஎம் என்கிற வெயில் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். மட்டமான ரப்பர் வெயிலில் வெடித்துவிடும், அப்புறம் கூரையில் எத்தனை ஸ்க்ரூவோ அத்தனை ஓட்டை. முடுக்குவதிலும் பக்குவம் இருக்கிறது. ரப்பர் லேசாக நசுங்கித் தலையின் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். பிதுங்கி வெளியே வந்தால் அதிகம், கையால் வாஷரைச் சுற்ற முடிந்தால் குறைவு. ஷீட்டின் மேட்டில் அடிக்கிறார்களா, பள்ளத்தில் அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். தண்ணீர் பள்ளத்தில்தான் ஓடுகிறது, அதனால் கூரைக்கு மேட்டில் அடிப்பதே என் விருப்பம். அதற்கு நீளமான ஸ்க்ரூ வேண்டும். விலை வித்தியாசம் அற்பம்.

துளை போடும்போது உதிர்கிற இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். ஒரு மழை பட்டால் அது துருப்பிடித்து, புது ஷீட் முழுக்க மிளகாய்த்தூள் தூவினது போல் ஆகிவிடும். ஷீட்டை கிரைண்டரில் வெட்டவும் விடாதீர்கள். அந்தப் பொறி பூச்சைச் சுட்டுவிடும், விளிம்பு துருப்பிடிக்க ஆரம்பிப்பது அங்கேதான். தகரம் வெட்டுகிற கத்தரி போதும்.

ஷீட் வெயிலில் நீளும். இருபது அடி ஷீட் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், சாயங்காலம் சுருங்கும். பொழுது சாயும்போது கூரை டக் டக்கென்று சத்தம் போடுவது இதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை.

பக்கவாட்டில் ஒரு ஷீட்டின் மேடு அடுத்த ஷீட்டின் மேட்டில் ஏறி உட்காரும். எந்த ஓரத்திலிருந்து போட ஆரம்பிக்கிறார்கள் என்பது முக்கியம். உங்கள் கூரையின் வாட்டம் வடக்கும் தெற்குமாக இருந்தால் கிழக்கு ஓரத்தில் தொடங்கி மேற்கே போக வேண்டும். அப்போதுதான் மேல் ஷீட்டின் விளிம்பு கிழக்கே பார்த்து முடியும், மேற்கிலிருந்து வருகிற சாரல் இணைப்புக்குள் புகாது. தூத்துக்குடி பக்கமென்றால் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும், அங்கே கணக்கே வேறு.

ரிட்ஜ் என்பது முகட்டை மூடுகிற வளைந்த தகடு. இரண்டு பக்கமும் ஷீட்டின் மேல் ஒன்பது இன்ச்சாவது இறங்க வேண்டும். ரிட்ஜுக்குக் கீழே ஷீட்டின் பள்ளங்களைக் குறட்டால் லேசாக மேல்நோக்கி மடக்கிவிட்டால், காற்று தள்ளிக்கொண்டு வருகிற தண்ணீர் அங்கேயே நின்று திரும்பிவிடும். எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை, ஷீட் ஏறுவதற்கு முன் சொல்லிவைத்தால் போதும். ரிட்ஜுக்கும் ஷீட்டுக்கும் இடையில் தெரிகிற சந்துகளுக்கு ஃபோம் பட்டை உண்டு. சாரலும் வராது, அணிலும் வராது.

ஃப்ளாஷிங்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிற வரி. ஷீட் சுவரைத் தொடுகிற இடத்தில், உதாரணமாகப் படிக்கட்டு அறைச் சுவர் ஓரத்தில், பாதி சுவரிலும் பாதி ஷீட்டிலும் உட்காருகிற மடக்குத் தகடு அது. அதற்குப் பதிலாகச் சிமெண்டை அப்பிவிடுவார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சி வீட்டில் பார்த்தேன். "எய்யா, வருசா வருசம் பூசுதேன், வருசா வருசம் ஒழுகுது" என்றார்கள். மேலே ஏறிப் பார்த்தால் பூச்சுக்கும் ஷீட்டுக்கும் நடுவே நகம் நுழைகிற அளவுக்கு நீளமாக ஒரு விரிசல். ஷீட் தினமும் நீண்டு சுருங்குகிறது, சிமெண்டு அசையாது, அப்புறம் எப்படிப் பிடிக்கும்? போதாததற்கு ஈரச் சிமெண்டின் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். பூச்சைத் தட்டி எடுத்தபோது அடியில் ஷீட் விளிம்பு வெள்ளை பூத்துப் பொரிந்திருந்தது. சரியான முறை என்னவென்றால், சுவரில் காடி வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதில் சொருகி, பியூ சீலன்ட் (ரப்பர் போல வளைந்து கொடுக்கிற பசை) வைத்து அடைப்பது. கீழ் விளிம்பு ஷீட்டின் மேல் ஆறு இன்ச் படுத்துக் கிடந்தால் போதும். ஷீட் அசைந்தாலும் தகடு மூடியபடியே இருக்கும். கூரையின் பக்கவாட்டு ஓரங்களுக்கும் இதே மாதிரி மடக்குத் தகடு உண்டு. காற்று முதலில் கிளப்புவது அந்த மூலையைத்தான், அங்கே ஸ்க்ரூவை நெருக்கி அடிக்கச் சொல்லுங்கள்.

கட்டர் என்பது இறவாரத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்துப் பைப்புக்குக் கொடுக்கிற வாய்க்கால் தகடு. இதில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 600 சதுர அடி என்பது 56 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. பெய்தால் 2,800 லிட்டர் இறங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. உங்கள் கூரையில் அது விழுந்திருந்தால் 53,000 லிட்டர். எனவே குறைந்தது இரண்டு நாலு இன்ச் பைப் வையுங்கள், கட்டரின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. ஒன்று இலை அடைத்தாலும் மற்றது ஓடும். ஷீட் கட்டருக்குள் இரண்டு இன்ச் நீட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாகவே திரும்பிச் சுவருக்கு வந்துவிடும். பைப்பை அப்படியே மழைநீர்த் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எதைக் குறைக்கலாம்? ஓடு மாதிரி டிசைன் அச்சடித்த ஷீட் வேண்டாம், சாதாரண மேடு பள்ள ஷீட் போதும். ஃபால்ஸ் சீலிங்கை இப்போது விடலாம், காசு வரும்போது போட்டுக்கொள்ளலாம். காற்றில் சுழன்று சூட்டை வெளியேற்றுகிற டர்போ ஃபேனும் பக்கம் திறந்த மாடிக்கு வீண். நிறத்தில் வெள்ளையையோ வெளிர் சாம்பலையோ எடுங்கள், சூடு கொஞ்சம் குறையும், கூடுதல் செலவில்லை. வெப்பத் தடுப்பு பபுள் ஷீட்டை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அது பர்லினுக்கும் ஷீட்டுக்கும் நடுவே போக வேண்டியது, அப்புறம் போட வேண்டுமென்றால் ஸ்க்ரூவை எல்லாம் கழற்ற வேண்டும்.

ஆக்சஸரீஸ் மொத்தம் இவ்வளவு என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஃப்ளாஷிங் எத்தனை அடி, ரிட்ஜ் எத்தனை அடி, ஸ்க்ரூ என்ன நீளம், வாஷர் என்ன ரப்பர், பர்லின் இடைவெளி என்ன என்று. வேலை தெரிந்தவர் அதை உங்கள் முன்னாலேயே எழுதித் தந்துவிடுவார்.