இரட்டையர் ஆட்டத்துக்கு மாறும் மகன்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகனை இரட்டையர் ஆட்டத்துக்கு மாறச் சொன்ன பயிற்சியாளர், அவன் ஒற்றையரில் தேறமாட்டான் என்று ஒதுக்கிவிட்டதாகவே நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இறகுப்பந்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய இரு வேறு தொழில்கள் என்பதால், உங்கள் கவலையைச் சற்று இடம் மாற்ற விரும்புகிறேன்.

டென்மார்க்கின் இரட்டையர் ஆட்டக்காரர் மத்தியாஸ் போவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் பிறந்த அவர், கார்ஸ்டன் மோகன்சனுடன் இணைந்து ஆல் இங்கிலாந்து என்னும் பெரிய இறகுப்பந்துப் போட்டியின் பட்டத்தை முதலில் வென்றது 2011இல், 30 வயதில். லண்டன் ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் சீனாவின் காய் யுன், ஃபூ ஹைஃபெங் இணையிடம் தோற்று வெள்ளி பெற்றபோது வயது 32. ஆல் இங்கிலாந்தை மீண்டும் வென்ற 2015இல் 34. ஓய்வு பெற்றது 39 வயதில், 2020 ஏப்ரலில். ஆடுகளம் முழுவதையும் தனியாக ஓடிக் காக்கும் சுமை இரட்டையரில் இல்லை. அங்கே சர்வீசும், அதை எடுக்கும் விதமும், அடுத்த இரண்டு மூன்று அடிகளுமே புள்ளியைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அவற்றைக் கணிக்கும் திறன் ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் கூடும். போ இடக்கைக்காரர். உங்கள் மகனும் இடக்கை என்று எழுதியிருந்தீர்கள். வலக்கைக்காரரோடு சேர்க்க அத்தகைய ஆட்டக்காரரைப் பயிற்சியாளர்கள் தேடுவது வழக்கம்.

ஆனால் இதே வரலாற்றில் உங்களை எச்சரிக்க வேண்டியதும் இருக்கிறது. 2016இன் தொடக்கத்தில் மோகன்சனுக்கு மூளை ரத்தக்குழாயில் பாதிப்பு ஏற்பட்டபோது, போவின் எதிர்காலமும் அதோடு சேர்ந்தே ஊசலாடியது. மோகன்சன் மீண்டு வந்து, 2017இல் இருவரும் ஐரோப்பியப் பட்டம் வென்றார்கள் என்பது உண்மைதான். எனினும் இன்னொருவரின் உடல்நலத்தையும் மனநிலையையும் சார்ந்த தொழில் இது. உச்சம் 30 வயதில் வருமென்றால், அதுவரை வீட்டுச் செலவு எப்படி நடக்கும் என்ற உங்கள் கேள்வியும் நியாயமானதே.

ஆகவே படிப்பை நிறுத்தாதீர்கள், நீட்டுங்கள். டென்மார்க்கில் உயர்நிலை விளையாட்டு வீரர்கள் மூன்றாண்டு மேல்நிலைக் கல்வியை நான்கு ஆண்டுகளில் முடிக்க வழி இருக்கிறது. இங்கே தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் பாடங்களைப் பிரித்து எழுதலாம். கல்லூரிச் சேர்க்கையிலும் ரயில்வே போன்ற துறைகளின் வேலைவாய்ப்பிலும் உள்ள விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, இரட்டையர் போட்டிச் சான்றிதழ் எந்த நிலையில் ஏற்கப்படுகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டு அறிவிக்கையிலும் நேரில் படித்துப் பாருங்கள். பிறர் சொல்லை நம்ப வேண்டாம்.

ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளர் வேலை இருக்கிறதே என்பீர்கள். போ 2021இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி, சிராக் ஷெட்டி இணைக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். அவ்விணை 2023இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் உலகின் முதலிடத்தையும் பெற்றது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அவ்விணை தோற்றதும் போ பயிற்சிப் பணியிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். அதுவும் நிலையான சம்பளமல்ல. எனவே உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் முதல்நிலைப் பயிற்சியாளர் சான்றிதழை உங்கள் மகன் ஆடும் காலத்திலேயே பெற்றுவிடட்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை போதும். உங்கள் மகனுக்கு இணையாக யாரை நினைத்திருக்கிறார், அந்தப் பையனின் வீட்டார் எத்தனை ஆண்டுகள் செலவு செய்ய ஒப்பியிருக்கிறார்கள் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டு எழுதுங்கள். பள்ளியை மாற்றுவது பற்றி அதன்பின் பேசுவோம்.