புளியோதரைக்கு போர்டிங் பாஸ் வேணாம்

போன வாரம் இந்த கேள்வி-பதில் பகுதில, ஃப்ளைட்ல குடுத்த ஒரு முந்திரி பாக்கெட்ட பத்தி போற போக்குல ரெண்டு வரி புலம்பிட்டேன், அவ்ளோதான், இந்த வாரம் வந்ததுல பாதிக்கு மேல சாப்பாட்டு கேள்விதான். சரி, முழுக்க அதுவே இருக்கட்டும். ஆதார்ல பேர் மாத்துறது எப்படின்னு கேட்ட மடிவாளா வாசகர் கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் கண்டிப்பா.

பெங்களூருலேந்து டெல்லிக்கு ரெண்டே முக்கா மணி நேரம், டிக்கெட் ஒம்பதாயிரம், ஒரு வாய் காபி கூட கிடையாது சார். தண்ணி கேட்டா பேப்பர் கப்புல அரை கப் ஊத்திட்டு போறாங்க. முன்னாடியெல்லாம் டிரேல சூடா சாப்பாடு, ஸ்வீட்டு, கடைசில மிட்டாய் வரைக்கும் ஃப்ரீயா வரும். இவங்க இஷ்டத்துக்கு நிறுத்தலாமா? கேக்க ஆளே இல்லையா?
- 'பசி ஏப்பம்', ராமமூர்த்தி நகர்

கேக்க ஆள் இருக்கு, அவங்களே அனுமதியும் குடுத்துட்டாங்க. சீட் செலக்ட் பண்றது, பேக்கேஜ், சாப்பாடு, இதையெல்லாம் டிக்கெட்லேந்து பிரிச்சு தனியா காசு வாங்கிக்கலாம்னு, விமான கம்பெனிகள மேய்க்கிற அரசாங்க அமைப்பு டிஜிசிஏவோட விதியே இருக்கு. ஆனா அந்த விதிக்குள்ளயே ஒரு விலக்கு உண்டு: குடிக்கிற தண்ணிக்கு காசு வாங்கக்கூடாது. அதனால அரை கப் ஊத்துனா மறுபடி கேளுங்க, மூணாவது தடவையும் கேளுங்க, கூச்சமே வேணாம், அது உங்க தண்ணி.

ஆனா 'ஃப்ரீயா வந்துச்சு'ன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. விமானத்துல முதல்முதல்ல சாப்பாடு குடுத்ததே காசுக்குத்தான். 1919 அக்டோபர்ல லண்டன்-பாரிஸ் போன ஹேண்ட்லி பேஜ் கம்பெனி விமானத்துல ஒரு லஞ்ச் பாக்ஸ் மூணு ஷில்லிங். அப்புறம்தான் டிக்கெட்டோட சேத்துக் குடுக்குற பழக்கம் வந்துச்சு, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. அந்தக் காலத்துல அமெரிக்கால டிக்கெட் விலைய அரசாங்கம்தான் முடிவு பண்ணும், எந்த கம்பெனில போனாலும் ஒரே ரேட்டு. விலைல போட்டி போட முடியலன்னா வேற எதுல போடுறது? தட்டுல போட்டாங்க. 1978-ல விலைக்கட்டுப்பாட்ட எடுத்தாங்க, அன்னிலேந்து தட்டு சுருங்க ஆரம்பிச்சுது.

நம்ம ஊர் கதை இன்னும் சுவாரசியம். நான் அப்ப இன்ஃபன்ட்ரி ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸ்ல டிக்கெட் போட்டுட்டு இருந்தேன். 2003-ல கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான ஆரம்பிச்சாரு, சாப்பாடு வேணும்னா காசு குடு, வேணாம்னா சும்மா உக்காருன்னு. கவுண்டருக்கு வர்றவங்க எல்லாம் என்கிட்ட ஒரே கேள்விதான், 'தண்ணியாவது தருவானா தம்பி?' ஆனா ஒரு ரூபாய்க்கு டிக்கெட்னு விளம்பரம் வந்தப்ப அதே ஆளுங்க ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே வந்து நின்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 2005-ல, அதே பெங்களூர்லேந்து விஜய் மல்லையாவோட கிங்ஃபிஷர், அங்க நேர் எதிர், ராஜ உபசாரம். ஒரே ஊர்ல ஒருத்தர் பட்டினி போட்டு ஓட்டுறாரு, இன்னொருத்தர் விருந்து வெச்சு ஓட்டுறாரு. கடைசில விருந்துக்காரர் பட்டினிக்காரர் கம்பெனிய வாங்குனாரு, 2012 அக்டோபரோட எல்லாமே நின்னுபோச்சு. இன்னிக்கு உள்நாட்டு பயணிகள்ல நூத்துக்கு அறுபது பேருக்கு மேல ஏத்திட்டு போறது 2006-ல ஆரம்பிச்ச இண்டிகோ. அங்க சாதாரண டிக்கெட்டோட சாப்பாடு வராது. ஆக மொத்தம் நாமதான் ஓட்டு போட்டுருக்கோம், குறைஞ்ச டிக்கெட்டுக்கு.

கணக்கும் லேசானதுதான். சமைச்ச சாப்பாட்ட சூடு பண்ண ஓவன் வேணும், டிராலி வெக்க இடம் வேணும். விமானத்துக்குள்ள அந்த அடுப்படிக்கு இங்கிலீஷ்ல பேரே கேலி (galley)தான், பேருக்கு ஏத்த மாதிரி இப்ப கேலிக்கூத்தா ஆயிருச்சு, சின்னதா ஆக்கி அந்த எடத்துலயும் சீட்ட போட்டுட்டாங்க. இறங்கி அரை மணி நேரத்துல மறுபடி கிளம்பணும், நூத்தி எம்பது பேர் சிந்துன பருப்ப கூட்டிட்டு இருக்க நேரம் கிடையாது. கொரோனா வேற வந்துச்சு. 2020 மே 25-ந்தேதி உள்நாட்டு ஃப்ளைட்ட மறுபடி விட்டப்ப சாப்பாடே கூடாதுன்னாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி 2021 நவம்பர்லதான் முழுசா விட்டாங்க. அதுக்குள்ள நாமளும் பழகிட்டோம்.

இதெல்லாம் எனக்கு புரியுது. எனக்கு கோவம் வேற எடத்துல. நம்ம சதாப்தி ரயில்ல டிக்கெட் போடும்போது சாப்பாடு வேணாம்னு டிக் பண்ணா அந்த காசு கழிஞ்சுரும், சென்னைக்கு போற வந்தே பாரத்லயும் அப்படித்தான். கண்ணு முன்னாடி குறையுது. ஃப்ளைட்ல சாப்பாடு போச்சு, அதுக்கு எவ்ளோ குறைச்சாங்கன்னு யாராச்சும் காட்டுனாங்களா? பண்டிகை சமயத்துல பாருங்க, சாப்பாடு தர்றவன் ரேட்டும் தராதவன் ரேட்டும் பக்கத்து பக்கத்துல நிக்கும். 2024 நவம்பர்ல விஸ்தாரா ஏர் இந்தியாவோட சேந்தப்புறம் உள்நாட்டுல ஃபுல் சர்வீஸ், அதாவது சாப்பாடும் டிக்கெட்டோடவே தர்ற கம்பெனின்னு சொல்லிக்க அந்த ஒண்ணுதான் மிச்சம், அதனால அடுத்த தடவ புக் பண்ணும்போது அதோட ரேட்டையும் லோ காஸ்ட் ரேட்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க. வித்தியாசம் ஐநூறு ரூபாய்க்குள்ளன்னா சாப்பாடும் பேக்கேஜும் சேத்து கணக்கு போட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சும்மா 'லோ காஸ்ட்'னு பேர பாத்து ஏமாறாதீங்க.

என் மாமியார் டெல்லில இருக்க நாத்தனார பாக்க போகும்போது எவர்சில்வர் டப்பால புளியோதரையும் வாழையிலைல மடிச்சு பொடி இட்லியும் கொண்டுவந்தாங்க. மேல போனதும் டப்பாவ திறந்தாங்க பாருங்க, என் வீட்டுக்காரர் மொகம் செவந்துபோச்சு. 'மூடும்மா, எல்லாரும் பாக்குறாங்க'ன்னு சொல்லி அவங்கள பட்டினியாவே கூட்டிட்டு போனாரு. பக்கத்து சீட்டுக்காரர் வேற லேப்டாப்ப பாதி மூடி வெச்சுட்டு பாத்தாரு. யார் மேல தப்பு?
- ஒரு மருமகள், அல்சூர்

உங்க வீட்டுக்காரர் மேல, இதுல பஞ்சாயத்தே வேணாம். பக்கத்து சீட்டுக்காரர் பாத்தாருன்னா பசில பாத்துருப்பாரும்மா! அவர் கைல என்ன இருந்துச்சு, சுடுதண்ணி ஊத்தி மூடி வெச்ச கப் உப்புமாதானே. வெளில கிடைக்கிற விலைய விட ரெண்டு மூணு மடங்கு குடுத்து அத கிண்டிகிட்டு இருக்கவர் பொடி இட்லிய பாக்காம வேற எங்க பாப்பாரு?

வீட்டு சாப்பாடு கொண்டு போகக்கூடாதுன்னு உள்நாட்டு ஃப்ளைட்ல தடை எதுவும் இல்ல. ரயில்ல குடும்பமே டப்பாவ பிரிச்சு பக்கத்து பெர்த்துக்கும் குடுப்போம், அதே நாம ஏர்போர்ட் கண்ணாடி கதவ தாண்டுனதும் ஏதோ மாப்பிள்ளை வீட்டுக்கு போன மாதிரி ஆயிடுறோம்.

இன்னொண்ணு, உங்க மாமியார் தெரிஞ்சு செஞ்சாங்களோ தெரியாம செஞ்சாங்களோ, விமானத்துக்கு புளியோதரைய விட பொருத்தமான சாப்பாடு கிடையாது. மேல போனதும் கேபினுக்குள்ள காத்தழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயரத்துல இருக்க மாதிரி ஆயிரும், அதாவது கொடைக்கானல்ல உக்காந்து சாப்பிடுற மாதிரி, ஆனா கொடைக்கானல் ஈரம் இல்லாம பாலைவனத்து வறட்சியோட. மூக்கு காஞ்சுரும், வாசனை ஏறாது. லுஃப்தான்சா கம்பெனிக்காக ஜெர்மனில ஃப்ரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்துல 2010 வாக்குல சோதிச்சு பாத்ததுல உப்பு 20-30 சதவீதமும் இனிப்பு 15-20 சதவீதமும் கம்மியா தெரியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. புளிப்பும் காரமும் அவ்வளவா குறையறது இல்ல. அதான் டிரேல வர்ற பனீர் மண்ணு மாதிரி இருக்கு, புளியும் வத்தலும் மட்டும் நாக்குல நிக்குது. தக்காளி ஜூஸ் தரைல பிடிக்காதவங்க கூட மேல போனதும் கேட்டு வாங்கி குடிக்கிறாங்களாம், அப்ப தக்காளி ரசத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு யோசிங்க, ஆனா ரசத்த செக்யூரிட்டில விடமாட்டாங்க, அத விடுங்க.

கொண்டு போறதுல சில விஷயம். பொடிய இட்லி மேலயே எண்ணெயோட தடவிருங்க, தனியா கிண்ணத்துல எண்ணெய் வேணாம். எண்ணெய் மிதக்குற ஊறுகாய், நெய் இதெல்லாம் ஸ்கேனர்ல நிறுத்துவாங்க, செக்-இன் பெட்டில போட்டுருங்க. முழு தேங்காயும் கைப்பையில கூடாது, கொப்பரைல எண்ணெய் இருக்கு, தீப்பிடிக்கும்னு. இருமுடி கட்டுன ஐயப்ப பக்தர்களுக்காக 2022 நவம்பர்ல மண்டல காலத்துக்குன்னு மட்டும் தளர்த்துனாங்க, அப்புறமும் சில சீசன்ல விட்டுருக்காங்க, ஆனா சீசன் இல்லாதப்ப தேங்காயோட போய் நின்னு அங்க வாதாடாதீங்க. ஸ்பூன் ஒண்ணு, ஈர டிஷ்யூ ரெண்டு. கருவாடு மட்டும் வேணாம், நானும் கருவாட்டுக்கு உயிர விடுற ஆள்தான், இருந்தாலும் வேணாம்.

உள்நாட்டு ஃப்ளைட்ல பீர் ஏன் தர்றதில்ல?
- 'தாகசாந்தி', விவேக் நகர்

உள்நாட்டு விமானத்துல மது பரிமாற அனுமதி இல்லைங்க. பீருக்கே பேர் போன கிங்ஃபிஷர் கூட உள்நாட்டுல ஜூஸ்தான் குடுத்துச்சு.

சாலட்ல ஒரு ஆலிவ் காய கொறைச்சு லட்சக்கணக்குல மிச்சம் புடிச்ச கதைய வாட்ஸப்புல பாத்தேன். புருடாவா?
- கே.ஆர்.புரம் வாசகர்

வாட்ஸப்புல வந்தும் நிஜமா இருக்க அபூர்வ கேஸ் இது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் கிராண்டல், 1987 வாக்குல, ஒவ்வொரு சாலட்லயும் ஒரு ஆலிவ எடுக்க சொன்னாரு, வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம்னு கணக்கு. நம்மூர் கல்யாண கான்ட்ராக்டர் பாயசத்துல முந்திரி எண்ணி போடுறாரே, அதே டெக்னிக்தான், அவருக்கு யாரும் புத்தகத்துல எடம் குடுக்கல.

அம்மா முதல்தடவையா அமெரிக்கா போறாங்க. சுத்த சைவம். டிக்கெட் போடும்போது 'ஹிந்து மீல்'னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, அதையே போட்டுட்டேன். சரிதானே?
- வாசகர், ஒயிட்ஃபீல்டு

அய்யய்யோ, இன்னிக்கே மாத்துங்க! ஹிந்து மீல், அதாவது ஹெச்.என்.எம்.எல்.னு கோடு வர்றது, பெரும்பாலும் அசைவம். மாட்டிறைச்சி இருக்காது, ஆனா கோழி, ஆடு, மீன் வரலாம். உங்களுக்கு வேண்டியது ஏஷியன் வெஜிடேரியன், ஏ.வி.எம்.எல். இத டிராவல்ஸ்ல இருந்தப்ப எத்தனை பேருக்கு மாத்தி குடுத்துருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. வெங்காயம் பூண்டும் கூடாதுன்னா ஜெயின் மீல். கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்னாடியே போட்டுரணும், நடுவுல ஃப்ளைட் மாறுதுன்னா ரெண்டாவது ஃப்ளைட்லயும் பதிஞ்சுருக்கான்னு தனியா கேளுங்க, அங்கதான் விட்டுப்போகும்.

அப்படியே என் சோகத்தையும் கேளுங்க. போன வருஷம் ஒரு கம்பெனில முன்கூட்டியே காசு கட்டி வெஜ் சாப்பாடு புக் பண்ணிருந்தேன், 24-வது வரிசை. டிராலி என்கிட்ட வரும்போது அந்தப் பொண்ணு பாவம் சிரிச்சுகிட்டே 'வெஜ் முடிஞ்சுருச்சு சார்'ங்குது. காசு கட்டுனது எப்படி முடியும்? முன்னாடி வரிசைல காசு கட்டாதவங்களுக்கு வித்துட்டாங்க! மொபைல்ல இருந்த பி.என்.ஆர். காட்டுனதும் ரெண்டு கேக் துண்ட நீட்டிட்டு போயிட்டாங்க, பணம் திரும்ப வர நாப்பது நாள் ஆச்சு. அதுலேந்து புக் பண்ண ரசீத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு, ஏறும்போதே வாசல்ல நிக்கிற க்ரூகிட்ட சீட் நம்பர சொல்லிடுறேன்.

ஃப்ளைட் லேட்டானா சாப்பாடு தரணுமா? போன மாசம் சென்னை ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் உக்கார வெச்சாங்க, கேட்டவங்களுக்கு மட்டும் ஒரு சேண்ட்விச் குடுத்தாங்க.
- வாசகி, ஜீவன்பீமா நகர்

தரணும், அதுவும் ஃப்ரீயா, டிக்கெட் லோ காஸ்ட்டா இருந்தாலும். நீங்க நேரத்துக்கு செக்-இன் பண்ணிருக்கணும், அவ்ளோதான். ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போயிடுற ஃப்ளைட்டுன்னா ரெண்டு மணி நேர தாமதத்துலயே உரிமை வந்துரும், சென்னை அந்த கணக்குதான். டெல்லி மாதிரி அதுக்கு மேல அஞ்சு மணி நேரம் வரைக்கும் போறதுக்கு மூணு மணி நேரம் தாமதம் ஆகணும். கேட்டவங்களுக்கு மட்டும்ங்கிறதெல்லாம் விதில கிடையாது, ஆனா கேக்காம யாரும் கொண்டுவந்து ஊட்டவும் மாட்டாங்க. 2024 ஜனவரில டெல்லி பனில மாட்டுன ஒரு ஃப்ளைட்ட மும்பைல இறக்குனப்ப, பயணிங்க விமானத்துக்கு பக்கத்துலயே தரைல உக்காந்து சாப்ட்ட வீடியோ பாத்துருப்பீங்க, அந்த ஏர்லைன்ஸுக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம், ஏர்போர்ட்டுக்கும் தனியா.

எல்லாம் சரி, ஃப்ளைட் காபி மட்டும் ஏன் கழனித்தண்ணி மாதிரி இருக்கு?
- 'டிகிரி', மர்பி டவுன்

இன்ஸ்டன்ட் பவுடர், பால் பவுடர், ரெண்டும் சேந்தா வேற எப்படி இருக்கும்? அதோட அந்த உயரத்து அழுத்தத்துல தண்ணி 92 டிகிரி பக்கமே கொதிச்சுரும், அதுக்கு மேல சூடு ஏறாது. மூக்கும் வேலை செய்யலன்னு மேலயே சொன்னேன். தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு வாயு வஜ்ரா பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நம்ம ஏரியா தர்ஷினி ஹோட்டல்ல நின்னுகிட்டே ஒரு ஸ்ட்ராங் காபி அடிச்சுட்டு கிளம்புங்க, மேல போய் தண்ணி மட்டும் கேட்டு குடிங்க. டெல்லில எறங்கி ஆர்.கே.புரத்துல மச்சான் வீட்டுக்கு போய் சேர்ற வரைக்கும் தாங்கும், நான் பாத்துருக்கேன்.