கேள்வி-பதில்: செல்பேசியின் பெயரும் பில்லில் இருக்க வேண்டிய எண்ணும்

கேள்வி: கைப்பேசி, செல்பேசி, அலைபேசி, திறன்பேசி என்று பலவாறு எழுதுகிறார்கள். இவை வெவ்வேறு பொருள்களா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: முதல் மூன்றும் ஒன்றே. ஓர் ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்துக் கோபுரங்கள் வழியே இணைப்புத் தருகிறார்கள். அந்த வட்டாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘செல்’ என்று பெயர். தமிழில் ‘செல்’ என்பதற்குப் போ என்றும் பொருள் இருப்பதால், நடந்துகொண்டே பேசும் கருவிக்குச் செல்பேசி என்ற பெயர் நன்றாகவே பொருந்திவிட்டது. எனக்குப் பிடித்ததும் அதுவே. இலங்கைத் தமிழர் கைத்தொலைபேசி என்பார்கள். திறன்பேசி மட்டும் தனி வகை. செயலிகளை நிறுவிக்கொள்ளும் தொடுதிரைக் கருவி அது. கடையில் ‘பட்டன் போனா, டச் போனா?’ என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: 14,000 ரூபாய்க்கு வாங்கிய போனில் நான்காம் மாதமே சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் தந்த சீட்டில் ‘செல் – 1’ என்று மட்டும் இருப்பதால் சர்வீஸ் சென்டரில் ஏற்க மறுக்கிறார்கள். – வாசகி, கரூர்

பதில்: இந்தத் துண்டுச் சீட்டைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய போனுக்கும் ‘மொபைல் – 1’ என்றே எழுதித் தந்தார்கள். ஆறாம் வாரம் திரையில் பச்சைக் கோடு விழுந்தது. சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் *#06# அழுத்தி, திரையில் வந்த எண்ணையும் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணையும் விரல் வைத்துப் படித்தார். கடைசி நான்கு இலக்கங்கள் ஒத்துவரவில்லை. ‘இது எங்கள் கடைப் பெட்டியே இல்லை’ என்று கடைக்காரர் சொன்னபோது மறுத்துப் பேச என் கையில் எந்தச் சான்றும் இல்லை. 11,500 ரூபாய் போயிற்று. நாம் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், ஒரு செல்பேசியின் உண்மையான பெயர், ஒவ்வொரு கருவிக்கும் தனியாகத் தரப்படும் அந்த 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்தான், அதன் முதல் 8 இலக்கங்கள் மாடலைக் காட்டும், இரண்டு சிம் போடும் கருவிக்கு இரண்டு எண்கள் இருக்கும். நிறுவனம், மாடல், ஐ.எம்.இ.ஐ., ஜி.எஸ்.டி. எண் ஆகியவை இல்லாத சீட்டைப் பில் என்று ஏற்காதீர்கள். முறையான பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பணம் செலுத்திய வங்கிப் பதிவை இணைத்து, முழு விவரங்களுடன் பில் கேட்டுக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

கேள்வி: பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் 500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், ஆம்பூர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் ஒருவர் பாதி விலைக்குத் தந்த போனை வாங்கினேன். இரண்டே நாளில் எந்த சிம் போட்டாலும் இணைப்புக் கிடைக்கவில்லை. – வாசகர், சேலம்

பதில்: பெட்டி இல்லை, பில் இல்லை, விற்றவரின் முகவரியும் இல்லை; எதை நம்பிப் பணத்தை நீட்டினீர்கள்? தொலைத்தவர் புகார் செய்து அந்த எண்ணை முடக்கியிருக்கலாம். வாங்குவதற்கு முன் கேஒய்எம் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு, ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் நிலவரம் தெரிந்திருக்கும். இனி அதை விற்க முயலாமல் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.

கேள்வி: வீட்டு வேலை செய்து சேர்த்த 9,000 ரூபாயில் மகளுக்குப் புதுப் போன் வாங்கினேன். திறந்தால் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படங்கள் இருக்கின்றன. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். – வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. பழையதைப் புதியதென்று விற்றவருக்கு அந்த வாசகம் துணை நிற்காது. பில்லில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. அந்தப் படங்களை அழிக்காதீர்கள், அவைதாம் சான்று. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. மனுவில் அந்த 15 இலக்கங்களையும் பிழையின்றி எழுதச் சொல்லுங்கள்.